விடியற்காலையில் நடுங்கிய குரல்

கிழக்குத் தாம்பரத்தில் ஒரு வீட்டின் மாடியில் அந்த அறக்கட்டளையின் அலுவலகம் இருந்தது. கீழே வீட்டுக்காரர் குடும்பம். மேலே இரண்டு அறைகளும் ஒரு தாழ்வாரமும். வாரத்தில் இரண்டு நாள் நான் அங்கே போவேன். இரும்புலியூரில் இருக்கும் எங்கள் வீட்டிலிருந்து ஸ்கூட்டரில் ஜி.எஸ்.டி. சாலையைக் கடந்துவிட்டால் மிச்சம் கொஞ்ச தூரம்தான். கடப்பதுதான் பெரிய வேலை. அதற்கு முன்னால் பல வருடம் பழைய மகாபலிபுரம் சாலையில் ஒரு கம்பெனியில் கால் சென்டர்களுக்கான தொலைபேசி அமைப்புகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த வேலையை விட்ட பிறகு, ஒரு பள்ளிக்கூடம், ஒரு கிளினிக், இந்த அலுவலகம் என்று சில இடங்களில் கம்ப்யூட்டர்களும் போன்களும் ஒழுங்காக ஓடுகின்றனவா என்று பார்த்துக்கொள்வது என் பிழைப்பு.

அறக்கட்டளை செய்துவந்த வேலை சின்னது. கோவளம் பக்கத்துக் குப்பங்களில் இருப்பவர்கள் ஒரு எண்ணுக்கு அழைத்தால், கடலில் காற்று எப்படி, அலை எவ்வளவு, மழை உண்டா, படகை இறக்கலாமா என்று ஒரு பெண் குரல் சொல்லும். எல்லார் கையிலும் பெரிய போன் இருக்கிற காலத்தில் இது எதற்கு என்று என் கணவரே கேட்டிருக்கிறார். கடலுக்குப் போகிறவர்கள் பெரிய போனை வீட்டில் வைத்துவிட்டு பட்டன் போனைத்தான் பிளாஸ்டிக் உறையில் சுற்றி எடுத்துப் போகிறார்கள். ஈரக் கையோடு கண்ணாடியைத் தேய்த்துக்கொண்டிருக்க முடியாது. படகைத் தள்ளுவதற்கு முன்னால் ஒரு நிமிடம் காதில் வைத்துக் கேட்பது சுலபம். இதை எனக்குச் சொன்னவர் அலுவலகத்தின் செயலாளர். மத்திய அரசு வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர், எதையும் மெதுவாகப் பேசுகிறவர், நாற்காலியை நகர்த்தும்போதுகூடத் தூக்கித்தான் வைப்பார்.

அந்தக் குரலுக்குச் சொந்தக்காரர் சேலையூரில் ஒரு பெண்கள் பள்ளியில் பூகோளம் நடத்துகிற டீச்சர். பள்ளி விட்டதும் கைப்பையோடு நேராக வருவார். வானிலைத் துறையின் அறிவிப்பு அதற்குள் வந்திருக்கும். அதை இரண்டு தடவை வாய்க்குள் படித்துவிட்டு, காகிதத்தைக் கவிழ்த்து வைத்துவிட்டு, பக்கத்தில் நிற்கிற ஒருவரிடம் சொல்வதுபோல மைக்கில் சொல்வார். "காலைல காத்து கொஞ்சம் வேகமாத்தான் இருக்கும். சின்னப் படகு வச்சிருக்கறவங்க ரொம்ப தூரம் போக வேண்டாம்." ரயில் சத்தம் வந்தால் நிறுத்திவிட்டு, ரயில் போன பிறகு முதலிலிருந்து ஆரம்பிப்பார். ஜன்னலுக்குப் போர்வை போட்ட அந்தச் சின்ன அறையில் வியர்வை வழிய வழிய அவர் பேசுவதை நான் பல தடவை வெளியிலிருந்து கேட்டிருக்கிறேன். அவருக்குத் தன் குரல் மேல் ஒரு பெருமை உண்டு. வகுப்பில் கடைசி பெஞ்சு வரைக்கும் கத்தாமலே கேட்கும் என்பார்.

தொலைபேசி நிலையத்திலிருந்து வந்த கேபிள் ஒரு பழைய கம்ப்யூட்டரின் பின்பக்கம் செருகியிருந்த ஒரு கார்டில் போய் முடிந்தது. ஒரே கேபிளில் முப்பது பேர் ஒரே நேரத்தில் பேசலாம். அத்தனை அழைப்பையும் வாங்கி, டீச்சரின் பதிவைப் போட்டுக் காட்டுவது அந்தக் கார்டும் கம்ப்யூட்டரும் சேர்ந்து செய்கிற வேலை. கார்டு நன்றாக இருந்தது. கம்ப்யூட்டர்தான் ஐப்பசி ஈரத்தில் அடிக்கடி படுத்துக்கொண்டது. மழைக்காலத்தில், அதுவும் ஜனங்களுக்குக் காற்றுச் செய்தி ரொம்பத் தேவைப்படுகிற சமயத்தில், அது நின்றுபோனால் என்ன செய்வது என்று செயலாளர் கவலைப்பட்டுக்கொண்டே இருந்தார்.

அந்தச் சமயத்தில்தான் ஒரு நிறுவனம் தாங்கள் பயன்படுத்திவந்த ஒரு சர்வரை எங்களுக்குக் கொடுத்தது. நல்ல பலசாலியான இயந்திரம். அலுவலகத்தின் கணக்கு, இணையதளம், போன் எல்லாவற்றையும் அதிலேயே வைத்துவிடலாம் என்று முடிவானது. இப்போதெல்லாம் ஒரே இயந்திரத்துக்குள் தனித்தனிக் கம்ப்யூட்டர்கள் இருப்பதுபோல மென்பொருளால் பிரித்துக்கொள்வது வழக்கம். வி.எம். என்று சொல்வோம். ஒரு வீட்டைத் தடுத்து மூன்று குடித்தனம் வைப்பதுபோல என்று செயலாளருக்குச் சொன்னேன்.

"அப்போ அந்த கார்டு யார் போர்ஷன்ல இருக்கும்?" என்று கேட்டார்.

அதுதான் சரியான கேள்வி. மற்றதெல்லாம் கோப்புகள், எந்தக் குடித்தனத்தில் வேண்டுமானாலும் இருக்கும். கார்டு கையில் பிடிக்கிற பொருள். சர்வருக்குள் ஒரு இடத்தில்தான் செருக முடியும். செருகிய பிறகு, வீட்டுக்காரரான சர்வர் இதைத் தொடக்கூடாது, இந்த ஒரு குடித்தனத்துக்கு மட்டும்தான் என்று எழுதிவைக்கலாம். முடியும், ஆனால் தகராறு பண்ணும் என்று இந்தத் தொழிலில் பலரும் சொல்வார்கள். நான் கம்பெனியில் இருந்த காலத்திலும் யாரும் அதைச் செய்து பார்த்ததில்லை. தனிப்பெட்டி வாங்கித் தலைவலி இல்லாமல் வைத்துக்கொள்வார்கள். இங்கே இன்னொரு பெட்டி வைக்க இடமும் இல்லை, ஏற்கெனவே ஒரு நல்ல பெட்டி இருக்கும்போது கேட்க எனக்கு மனமும் இல்லை. செய்துதான் பார்ப்போமே என்று இறங்கினேன். உண்மையைச் சொன்னால் எனக்குள் ஒரு ஆசையும் இருந்தது. வெகுநாளாகப் புதிதாக எதையும் செய்யவில்லை.

ஒரு சனிக்கிழமை பகலில் கார்டை மாற்றினேன். முதலில் வி.எம். அதைக் கண்டுகொள்ளவே இல்லை. சர்வரின் அடிப்படை அமைப்பில் ஒரு இடத்தில் அனுமதி கொடுக்க வேண்டியிருந்தது, அதைத் தேடிப் பிடிக்க மத்தியானம் ஆகிவிட்டது. பிறகு கார்டின் பின்னால் இருக்கிற சிவப்பு விளக்கு பச்சையானது. என் செல்போனிலிருந்து அழைத்தேன். டீச்சரின் குரல் கணீரென்று வந்தது. செயலாளர் கீழே இறங்கிப்போய் டீக்கடையிலிருந்து வடை வாங்கிவந்தார். டீச்சரும் வந்து தன் குரலைத் தானே கேட்டுவிட்டு, "முன்னைவிட இப்போ தெளிவா இருக்கு, இல்ல?" என்றார். ஆமாம் என்றோம்.

கார்த்திகை பிறந்து, கடலில் ஒரு காற்றழுத்தத் தாழ்வு வருவதும் கலைவதுமாக இருந்த வாரத்தில் செயலாளருக்கு முதல் போன் வந்தது. குப்பத்திலிருந்து ஒரு பெரியவர். "செய்தி சொல்ற அம்மாவுக்கு உடம்பு சரியில்லையா?" என்று கேட்டாராம். மறுநாள் இன்னொருவர். அதற்கப்புறம் ஒரு பெண். எல்லாரும் ஒரே விஷயத்தைத்தான் சொன்னார்கள்: அம்மா குரல் நடுங்குகிறது.

நான் அலுவலகத்துப் போனை எடுத்து அந்த எண்ணைப் போட்டேன். சுத்தமாக இருந்தது. என் செல்போனிலிருந்து போட்டேன். அதுவும் சுத்தமாக இருந்தது. பதிவை ஹெட்போனில் கேட்டேன். டீச்சர் ஒவ்வொரு சொல்லையும் நிறுத்தி நிதானமாகச் சொல்லியிருந்தார். "சிக்னல் பிரச்சனையா இருக்கும் சார்" என்றேன். செயலாளரும் தலையாட்டினார்.

ஆனால் அவர் அதை டீச்சரிடம் சொல்லாமல் இருந்திருக்கலாம். நல்ல எண்ணத்தோடுதான், அவருக்கே உரிய மெதுவான குரலில், "உங்களுக்குத் தொண்டை ஏதாவது தொந்தரவு பண்ணுதா டீச்சர்? நாலு நாள் ரெஸ்ட் எடுத்துக்கறீங்களா?" என்று கேட்டுவிட்டார். டீச்சர் முகம் சட்டென்று வாடிவிட்டது. அன்றைய பதிவை முடித்துவிட்டு, வழக்கமாக எங்களோடு உட்கார்ந்து குடிக்கிற காபியைக் குடிக்காமல் போய்விட்டார்.

அதற்கடுத்து நான் போன நாளில் தாழ்வாரத்தில் என்னைத் தனியாகப் பிடித்தார்.

"நீ நெஜத்தைச் சொல்லும்மா. என் குரல் நடுங்குதா?"

"இல்ல டீச்சர். நான் கேட்டேனே. நல்லாத்தான் இருக்கு."

"அப்போ அத்தனை பேரும் பொய்யா சொல்றாங்க? டாக்டர்கிட்ட போயிருந்தேன். குழாய் விட்டுப் பார்த்தார். தொண்டைல ஒண்ணும் இல்லங்கறார். வயசாகுதுல்ல, இருக்கலாம்னு சொல்றார்." கொஞ்ச நேரம் கைப்பிடிச் சுவரைத் தடவிக்கொண்டிருந்தார். "க்ளாஸ்ல பாடம் நடத்தறப்பகூட இப்போ கவனமா பேசறேன். பசங்களுக்கும் அப்படிக் கேக்குதோன்னு தோணுது. இந்த மாசத்தோட நிறுத்திக்கறேன். வேற யாரையாவது பார்க்கச் சொல்லு."

நான் என்ன சொல்லியும் அவர் சமாதானமாகவில்லை. காரணம் கையில் இல்லாமல் ஆறுதல் சொல்வது எவ்வளவு கஷ்டம் என்று அன்று தெரிந்தது. வீட்டுக்குப் போன பிறகும் அவர் கைப்பிடிச் சுவரைத் தடவிக்கொண்டிருந்ததுதான் கண்ணில் நின்றது.

அந்த வார வெள்ளிக்கிழமை இரண்டு பெண்கள் படியேறி வந்தார்கள். செயலாளர் ஏதோ வேலையாக வெளியே போயிருந்தார், நான் மட்டும்தான் இருந்தேன். முன்னால் வந்தவருக்கு ஐம்பது வயது இருக்கும், நெற்றியில் பெரிய குங்குமம், இடுப்பில் சொருகிய முந்தானை. பின்னால் வந்தவர் அவருடைய நாத்தனார். கையில் ஒரு எவர்சில்வர் தூக்கு. கேளம்பாக்கம் வந்து, வண்டலூர் வழியாக பஸ் பிடித்து, விலாசம் கேட்டுக் கேட்டு வந்திருந்தார்கள்.

"யம்மா, காத்து சொல்றவங்க இங்கதான கீறாங்க?" என்று முன்னால் வந்தவர் கேட்டார். "இன்னா ஆச்சு அவங்களுக்கு?"

"அவங்க ஸ்கூல்ல இருக்காங்க. சாயங்காலம்தான் வருவாங்க. அவங்களுக்கு ஒண்ணும் ஆகலையே, நல்லா இருக்காங்களே."

அந்த அம்மா என்னை நம்பவில்லை. நாத்தனாரைத் திரும்பிப் பார்த்தார். பிறகு நாற்காலியில் உட்காராமல் தரையிலேயே உட்கார்ந்துகொண்டார். நானும் எதிரில் உட்கார்ந்தேன்.

"எங்க கைல மறைக்காத. தெனம் அழுதுகினே சொல்றாங்க. எங்க வூட்டுக்காரரு சொல்றாரு, அவங்க வூட்ல எதோ துக்கம்னு. ஊர்த் தலைவரு வேற மாரி சொல்றாரு. பெரிய புயல் வரப்போவுது, கவர்மென்ட்ல சொல்லக்கூடாதுன்னு சொல்லிகீறாங்க, அந்தம்மா மனசு கேக்காம அழுவுதுன்றாரு. இன்னொருத்தர் அந்தம்மா ஆஸ்பத்திரில கீதுன்றாரு. ஒரே பேஜாரா பூட்ச்சு. பாதி படகு கரைலதான் நிக்குது. காத்தே இல்ல, கடல் குளம் மாரி கீது, ஒருத்தரும் எறங்க மாட்டேன்றாங்க."

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. ஒரு சத்தக் கோளாறு என்றுதான் நாங்கள் நினைத்திருந்தோம். அந்தப் பக்கம் அது ஒரு செய்தியாகவே போய்ச் சேர்ந்திருக்கிறது. டீச்சர் 'போகலாம்' என்று சொல்கிறார், அவர் குரல் 'போகாதே' என்று சொல்கிறது. ஜனங்கள் குரலை நம்பியிருக்கிறார்கள்.

"உங்க போன்லேருந்து இப்போ போடுங்க, நானும் கேக்கறேன்" என்றேன்.

முந்தானை முடிச்சிலிருந்து போனை எடுத்து, எண்ணை அழுத்தி, ஸ்பீக்கரில் போட்டார். டீச்சரின் குரல் வந்தது. மூவரும் குனிந்து கேட்டோம். ஒரு பிசிறு இல்லை.

அந்த அம்மா போனை உற்றுப் பார்த்தார். "இப்ப நல்லாத்தான் கீது" என்றார்.

அதுவரை வாயே திறக்காத நாத்தனார் சொன்னார்: "இப்ப நல்லா சொல்வாங்கக்கா. வெடிகாலைல தான் அழுவாங்க."

ஒரே பதிவு, இரண்டு நேரம். அதைக் கேட்டதும் எனக்கு எங்கே பார்க்க வேண்டும் என்று பாதி புரிந்துவிட்டது. நானும் செயலாளரும் அலுவலக நேரத்தில்தான் அழைத்துப் பார்த்திருந்தோம். கேட்கிறவர்களோ விடிவதற்கு முன்னால் அழைக்கிறவர்கள்.

அவர்கள் போகவில்லை. டீச்சரைப் பார்க்காமல் போனால் குப்பத்தில் என்ன சொல்வது என்றார்கள். செயலாளர் திரும்பி வந்து விஷயத்தைக் கேட்டுவிட்டு, கீழே போய்ச் சாப்பாடு வாங்கிவந்தார். சாயங்காலம் டீச்சர் படியேறி வந்தபோது அந்த அம்மா எழுந்து நின்றார். டீச்சர் ஒல்லியான ஆள், பருத்திப் புடவை, கையில் திருத்த வேண்டிய விடைத்தாள் கட்டு.

"இவங்களா?" என்று என்னிடம் கேட்டார் அந்த அம்மா. கற்பனையில் வேறு உருவம் வைத்திருந்தார் போலிருக்கிறது. பிறகு நேராகப் போய் டீச்சரின் தாடையைத் தொட்டுப் பார்த்தார். "நல்லாத்தான கீற? வூட்டுக்காரரு நல்லா கீறாரா? புள்ளைங்க?"

டீச்சருக்கு ஒன்றும் புரியவில்லை. "எல்லாரும் நல்லா இருக்காங்கம்மா. நீங்க யாரு?"

"நாங்க தெனம் உன் பேச்ச கேக்கறவங்க."

டீச்சர் விடைத்தாளை மேசைமேல் வைத்துவிட்டு அப்படியே நின்றார். எத்தனையோ வருடம் போர்வை போட்ட அறையில் யாருமில்லாத சுவரைப் பார்த்துப் பேசிக்கொண்டிருந்தவர். கேட்கிறவர் என்று ஒருவரை அதுவரைக்கும் அவர் பார்த்ததே இல்லை. அவர் கண் கலங்கிவிட்டது. "பாத்தியா, அழுவுது" என்று அந்த அம்மா நாத்தனாரிடம் சொன்னார். அதைக் கேட்டு டீச்சர் சிரித்துவிட்டார். தூக்கில் நெத்திலிக் கருவாடு இருந்தது. டீச்சர் வீட்டில் சைவம். அதைச் சொல்லாமல் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். பிறகு அது எங்கள் வீட்டுக்கு வந்தது.

மறுநாள் அலாரம் வைத்து எழுந்து, வீட்டில் யாரையும் எழுப்பாமல் மொட்டை மாடிக்குப் போய் அந்த எண்ணுக்கு அழைத்தேன். ஜி.எஸ்.டி. சாலையில் வெளியூர் பஸ்கள் வரிசையாக வந்துகொண்டிருந்தன. எதிர்முனையில் எடுத்ததும் டீச்சர் பேசினார். "கா…லைல… கா…த்து…" என்று ஒவ்வொரு சொல்லும் உடைந்து உடைந்து, நடுவில் மூச்சை இழுப்பதுபோல ஒரு இடைவெளி விட்டு, மறுபடியும் தொடர்ந்து வந்தது. விக்கி விக்கி அழுகிற ஒருத்தி அழுகையை அடக்கிக்கொண்டு செய்தி சொல்வதுபோலவே இருந்தது. காரணம் இயந்திரம் என்று தெரிந்திருந்தும் எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. அந்தப் பெரியவர்கள் புயல் வரப்போகிறது என்று நினைத்ததில் ஆச்சரியமே இல்லை. நானாக இருந்தாலும் படகை இறக்கியிருக்க மாட்டேன். அதை அப்படியே போனில் பதிவு செய்துகொண்டு கீழே வந்தேன்.

காரணம் இதுதான். அந்தக் கார்டுக்குப் பொறுமை கிடையாது. குரலைத் துளித் துளியாக வாங்கி, கண்ணிமைக்கும் நேரத்தைவிடச் சின்ன இடைவெளியில் ஒவ்வொரு துளியாகக் கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். தனிக் கம்ப்யூட்டரில் இருந்தவரை அது கூப்பிட்டதும் ஆள் வந்து நின்றது. புதிய சர்வரில் மூன்று குடித்தனமும் பிராசஸர் என்கிற ஒரே மூளையைப் பங்கு போட்டுக்கொண்டன. பகலில் யாருக்கும் பெரிய வேலை இல்லாததால் கார்டு கூப்பிட்டதும் பதில் கிடைத்தது. விடியற்காலையில்தான் எல்லாக் கோப்புகளையும் நகல் எடுத்து வைக்கிற பேக்கப் ஓடும். நான்தான் அந்த நேரத்தை வைத்திருந்தேன், எல்லா அலுவலகத்திலும் அப்போதுதான் யாரும் வேலை செய்ய மாட்டார்கள் என்பதால். இந்த அலுவலகத்தில் மட்டும் அதுதான் பரபரப்பான நேரம். பேக்கப் மூளையை வளைத்துப் போட்டதும் போன் குடித்தனம் ஒவ்வொரு துளிக்கும் காத்து நின்றது. காத்து நின்ற இடமெல்லாம் விக்கலாகக் கேட்டது.

பேக்கப்பை மத்தியானத்துக்கு மாற்றுவது சுலபம். அன்றே மாற்றினேன். அடுத்த விடியலில் கேட்டபோது அழுகை பெரும்பாலும் போய்விட்டது, ஆனால் எங்கோ ஒரு இடத்தில் லேசான விக்கல் மிச்சம் இருந்தது. அதோடு விட்டுவிடலாமா என்று செயலாளர் கேட்டார். எனக்கு மனம் ஒப்பவில்லை. சர்வரின் மூளையில் இரண்டு பகுதியைப் போன் குடித்தனத்துக்கு மட்டும் என்று ஒதுக்கிவைத்தேன். கார்டு செருகியிருந்த இடமும் கோப்புகள் இருக்கிற வன்தட்டும் மூளையைக் கூப்பிட ஒரே அழைப்பு மணியைப் பகிர்ந்துகொள்வது தெரிந்தது. ஒரு மணி அடித்தால் இருவரில் யார் என்று பார்ப்பதற்கே நேரம் போகும். அதனால் கார்டை வேறு இடத்துக்கு மாற்ற வேண்டும்.

மத்தியானத்தில், அழைப்பே வராத நேரம் பார்த்து, சர்வரை நிறுத்தித் திறந்தேன். செயலாளர் டார்ச் பிடித்தார். மாற்றிச் செருகி, மூடி, ஓடவிட்டால் போன் குடித்தனம் எழுந்திருக்கவே மறுத்தது. இரண்டு பேருக்கும் வியர்த்துவிட்டது. அன்றைக்கு வானிலை எச்சரிக்கை வேறு இருந்தது, நிஜமான எச்சரிக்கை. சாயங்காலத்துக்குள் டீச்சர் குரல் குப்பத்துக்குப் போய்ச் சேர வேண்டும். நான் எழுதிவைத்திருந்த அமைப்பை முதலிலிருந்து ஒவ்வொரு வரியாகப் பார்த்தேன். அப்புறம்தான் உறைத்தது: கார்டு இடம் மாறினால் அதன் விலாசமும் மாறிவிடும். நான் பழைய விலாசத்தில் தேடச் சொல்லிக்கொண்டிருந்தேன். புது விலாசத்தை எழுதியதும் விளக்கு பச்சையானது.

"ஆச்சா?" என்றார் செயலாளர்.

"ஆச்சு சார். டார்ச்சை அணைச்சிடுங்க."

அன்று சாயங்காலம் டீச்சர் எச்சரிக்கையைப் பதிவு செய்தார். "காலைல யாரும் கடலுக்குப் போக வேண்டாம். படகை மேலே ஏத்திக் கட்டிடுங்க." பிறகு நான் மொட்டை மாடியில் பதிவு செய்ததை அவருக்குப் போட்டுக் காட்டினேன். காட்டலாமா வேண்டாமா என்று யோசித்துவிட்டுத்தான் காட்டினேன். அவர் முழுக்கக் கேட்டார். மறுபடியும் ஒரு தடவை கேட்டார்.

"இது நான் இல்ல," என்றார்.

"இல்ல டீச்சர். இது பேக்கப்."

"ஆனா நானா இருந்தா இப்படித்தான் அழுவேன்." சொல்லிவிட்டு என் போனை என்னிடம் கொடுத்தார். அன்று காபி குடித்துவிட்டுத்தான் போனார். மாதக் கடைசி வந்தது, போனது. நிறுத்துவதைப் பற்றி அவரும் பேசவில்லை, நாங்களும் கேட்கவில்லை.

விடியலில் நான் மறுபடி மறுபடி கேட்டுப் பார்த்தேன். மழையோடு ஒரு நாள், மழை விட்ட பிறகு ஒரு நாள். விக்கல் இல்லை. எச்சரிக்கை சொன்ன நாளில் குப்பத்தில் எல்லாப் படகும் மேலே ஏறியிருந்ததாகச் செயலாளருக்குப் போன் வந்தது. காற்று பலமாக அடித்தது, கூரை சில போனது, கடலில் யாரும் இல்லை. தெளிவான நாளில் 'போகலாம்' என்று டீச்சர் சொன்னபோது போனார்கள் என்பதையும் கேட்டுத் தெரிந்துகொண்டேன்.

தை மாதத்தில் அந்த அம்மா அலுவலகத்துக்கு அழைத்தார். நான்தான் எடுத்தேன்.

"டீச்சரம்மாவ குன்றத்தூருக்கு இட்டுகினு போவணும். எப்ப வருவாங்க?"

"குன்றத்தூருக்கா? எதுக்கு?"

"வேண்டிகினேன். அந்தம்மா குரலு நல்லா ஆனா மலைமேல இட்டுகினு வரேன்னு முருகன் கைல சொல்லிகீறேன். நல்லா ஆயிட்ச்சு இல்ல?"

அவருக்கு உடம்பு ஒன்றும் இல்லை, அது கார்டு என்று அன்றைக்கே விளக்கியிருந்தேன். மறுபடியும் ஆரம்பித்தேன். அந்த அம்மா முழுக்கக் கேட்டுக்கொண்டார்.

"நீ ரிப்பேர் பண்ண, சரி. நீயும் வா" என்றார்.

டீச்சரிடம் சொன்னபோது மறுப்பார் என்று நினைத்தேன். அவர் உடனே நாட்காட்டியைப் பார்த்து, பள்ளி விடுமுறை நாள் ஒன்றைச் சொன்னார்.

தாம்பரத்தில் சந்தித்து பஸ் ஏறினோம். அந்த அம்மா, நாத்தனார், டீச்சர், நான். செயலாளருக்கு முட்டிவலி, வரவில்லை. மலை என்றாலும் பெரிய மலை இல்லை, படி ஏறிவிடலாம். டீச்சர் வழி முழுக்கப் பேசிக்கொண்டே ஏறினார். கூட்டம் இல்லாத நாள். சன்னதியில் அந்த அம்மா டீச்சரின் தோளைப் பிடித்து முன்னால் நிறுத்தி, "இவங்கதான்" என்று முருகனுக்கு அறிமுகப்படுத்தினார். அர்ச்சனைக்குப் பெயர் நட்சத்திரம் கேட்டார் குருக்கள். அந்த அம்மாவுக்கு அதுவரை டீச்சரின் பெயர் தெரியாது. டீச்சரே சொன்னார். அந்த அம்மா அதை ஒரு தடவை மெல்லத் தனக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டார்.

வெளியே வந்து நிழலில் உட்கார்ந்தோம். மேலிருந்து பார்த்தால் செம்பரம்பாக்கம் ஏரி நிறைந்து கிடந்தது. ஏரி மீனில் ருசி இருக்காது என்றார் நாத்தனார். டீச்சர் புளியோதரையும் நான் தயிர்சாதமும் கொண்டுபோயிருந்தோம். அந்த அம்மா தன் மகள் பிளஸ் டூ முடித்துவிட்டு நர்சிங் படிக்க ஆசைப்படுவதையும், எந்தக் கல்லூரி நல்லது என்று தெரியாமல் இருப்பதையும் சொன்னார். டீச்சர் தன் பழைய மாணவிகளில் யார் யார் எங்கே நர்ஸாக இருக்கிறார்கள் என்று யோசித்து, ஒருத்திக்கு அங்கிருந்தே போன் போட்டார். அவர்கள் இருவரும் அதில் மூழ்கிவிட்டார்கள். நானும் நாத்தனாரும் சாப்பிட்ட இலைகளைச் சுருட்டிக் கூடையில் போட்டுவிட்டு, கை கழுவக் குழாய் எங்கே என்று தேடிக்கொண்டு போனோம்.